என் நாத்தனார் செய்த ரப்பர் கிண்ணம்

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிற அண்ணியை நான் பார்த்ததில்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்கள் இருந்த அந்த வரிசை வீடுகளில், அப்படி ஒருத்தி இருந்திருந்தால், அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்திருப்பார்கள். நானும் கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரரின் தங்கையைப் பற்றிக் குழாயடியில் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வாய் நீளம், சம்பாதிக்கிறோம் என்ற திமிர், அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டாள், இப்படி. எல்லாம் உண்மைதான். கடைசி வரைக்கும் அவள் வைத்த குழம்பை மனுஷர் வாயில் வைக்க முடிந்ததில்லை. ஆனாலும் அவளுக்கு இருந்த புத்தியும் நெஞ்சழுத்தமும் வேறு யாருக்கும் இருந்து நான் பார்க்கவில்லை. அதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

நாங்கள் இருந்தது மலாயாவில், சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டம். நான் பால் மரம் வெட்டுவேன், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பேன். அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. என்னைவிட ஒரு வயது இளையவளாக இருக்கலாம். பெரிய வித்தியாசம் இல்லை. பிரசவத்துக்கு வெந்நீர் வைப்பது, ரத்தத் துணி அலசுவது, வலியில் கத்துகிற பெண்களை அதட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள் வேலை. கல்யாணமாகாத பெண் செய்கிற வேலையா இது என்று லயத்தில் முணுமுணுப்பார்கள். அப்படி முணுமுணுத்தவர்களும் வலி எடுத்தால் அவள் கையைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு மகள் பிறந்ததிலிருந்து பெரும்பாடு. மாதம் வந்துவிட்டால் ஒரு மடிப்புத் துணி ஒரு மணி நேரம் தாங்காது. வாளியோடு குனிந்து நிமிர்கிற வேலையில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று மரம் வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எதையோ காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தாள். பஞ்சை விரல் பருமனுக்கு இறுக்கிச் சுருட்டி, நுனியில் நூல் விட்டுக் கட்டிய திரிகள்.

"இத உள்ள வச்சிக்கிட்டுப் போங்க அண்ணி. புள்ள பெத்து ரத்தம் நிக்காதவங்களுக்கு நாங்க வைக்கிறதுதான். வெளிய துணி ஒண்ணு கட்டுனாப் போதும்."

நான் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு வைத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில் வரை மரம் வெட்டி, பால் தூக்கி, வீடு வந்து சேர்ந்தேன். வெளித்துணியில் கொஞ்சம்தான் பட்டிருந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் திரி வரும். வைத்து எடுத்ததை மண்ணில் புதைத்துவிடுவேன். இந்த விஷயம் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று நான்தான் சொன்னேன். எனக்காக இல்லை. உள்ளே வைக்கிற சங்கதியெல்லாம் ஒரு குமரிக்குத் தெரியும் என்று வெளியே போனால், அவளைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்கார துரை ஓடிப்போனார். ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தும் பஞ்சும் போன இடம் தெரியவில்லை. மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரும் போய்விட்டார். பால் வெட்டுவதை முக்கால்வாசி நிறுத்திவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். சயாமில் ரயில்பாதை போடுவதற்கு ஆள் பிடித்துப் போனபோது என் வீட்டுக்காரரும் லாரியில் ஏற்றப்பட்டார். அவர் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது வேறு கதை. லாரியில் ஏறுமுன் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"தங்கச்சிய ஒரு நல்ல எடத்துல கட்டிக் குடுத்துடு. நான் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத."

காத்திருக்கிற காலமா அது? வயதுப் பெண்ணை வைத்திருந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. சிப்பாய்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசிக்கொண்டு பெண்கள் பால் மரங்களுக்குள் ஓடுவார்கள். கழுத்தில் தாலி ஏறினால் பாதிப் பயம் குறையும் என்று கண்டவனுக்கும் கட்டிக் கொடுத்தார்கள். நான் கண்டவனுக்குக் கொடுக்க மறுத்தேன். அலைந்து திரிந்து, சிரம்பான் பக்கத்து ராசாவில் மாட்டுவண்டி வைத்திருந்த ஒரு குடும்பம் அமைந்தது. பையனின் அம்மா வந்து பார்த்து, பெண் பிடித்திருக்கிறது, கூறைச்சேலைக்கு ஒரு துணி கிடைக்கட்டும், முடித்துவிடலாம் என்று சொல்லிப் போனார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கூறைச்சேலைக்கு என்ன, கட்டிக்கொள்ளவே துணி கிடையாது. கடையில் முழம் துணி கிடைக்கவில்லை. ஆண்கள் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் அவள் சேலைகளைக் கிழித்துக் கிழித்து மாதத்துணியாக்கி முடித்தாயிற்று. என்னிடம் ஒரே ஒரு முழுச் சேலை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது வந்து நிற்கிறவர்களுக்குத்தான் அரிசி. மாதம் வந்துவிட்டால் நான் வீட்டோடு. நான் வீட்டோடு இருந்தால் அரிசி இல்லை. பிள்ளை மரவள்ளியைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்ளும்.

தோட்டத்து எல்லையில் இலவமரங்கள் நின்றன. காய் வெடித்துத் தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பஞ்சு. இத்தனை நாள் இது கண்ணில் படவில்லையே என்று இரண்டு பேரும் மடி நிறைய அள்ளி வந்து, விதை நீக்கி, திரி உருட்டினோம். ஆஸ்பத்திரித் திரியைவிட அழகாக இருந்தது. நான் நிமிர்ந்து நடந்து மரவள்ளிக் காட்டுக்குப் போனேன். ஒரு வரிசை களை எடுப்பதற்குள் கணுக்கால் வரை வந்துவிட்டது. அந்தப் பஞ்சு ஈரத்தைத் தொடுவதே இல்லை. வீட்டில் அவள் ஒரு திரியைக் குவளைத் தண்ணீரில் போட்டாள். அமுக்கினாள். கையை எடுத்ததும் மேலே வந்து மிதந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சேலையில் பட்ட கறையைப் பார்த்ததும் அழுகை வந்தது.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மிதக்கிற திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் கேட்டாள்.

"நீங்க மரத்துல மங்கு வைக்கிறீங்களே, மங்கு பாலைக் குடிச்சிருதா அண்ணி?"

மங்கு என்றால் பால் வடிவதைப் பிடிக்க மரத்தில் மாட்டுகிற கிண்ணம். "அது எதுக்குக் குடிக்குது, புடிச்சி வைக்குது" என்றேன்.

"அதான். நாமளும் உறிஞ்சுறதுக்கே தேடிக்கிட்டு இருக்கோம். புடிச்சி வச்சாப் போதுமே."

"நான் என்ன பால் மரமாடி?"

அவள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை இறங்கிப்போன ஒரு பெண்ணுக்குப் பெரிய டாக்டர் வந்து ரப்பர் வளையம் வைத்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் அதோடு மாதக்கணக்கில் விறகு சுமந்தாள். ரப்பர் உள்ளே இருந்தால் உடம்பை ஒன்றும் செய்யாது, சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும் என்றாள். சுற்றிலும் ரப்பர் மரமாக வைத்துக்கொண்டு பஞ்சுக்கு ஏன் அழ வேண்டும் என்றும் கேட்டாள்.

முதலில் மூங்கில் துண்டைப் பாலில் முக்கினாள். உரிக்கும்போது கிழிந்தது. பிறகு முட்டை வடிவத்தில் பிஞ்சுப் பாக்காகத் தேடிப் பறித்து, காம்புப் பக்கம் குச்சி குத்தி, புதிதாக வெட்டிய பாலில் முக்கி எடுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். காய்ந்ததும் மறுபடி முக்கல். காயக் காய முக்கிக்கொண்டே இருந்தாள். கீழ் நுனியில் வடிந்து நின்ற பால் சின்ன வாலாக உறைந்தது. பிடித்து இழுப்பதற்கு அது ஆகும் என்று அதை வெட்டாமல் விட்டாள். வாய்ப்பக்கத்தைச் சுருட்டிச் சுருட்டி விளிம்பு கட்டினாள். உரித்தபோது உள்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அடுத்ததற்கு மரவள்ளி மாவைத் தூவி உரித்தாள். அது பிரிந்தது. ஆனால் கையில் பிசுபிசுத்தது, நாற்றமும் அடித்தது.

அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற புகைவீட்டில் அப்போதும் கொஞ்சம் வேலை நடந்துகொண்டிருந்தது. கடைசிக் கம்பில், சீட்டுகளுக்குப் பின்னால், நூலில் கட்டித் தொங்கவிட்டு வந்தாள். ஒரு வாரம் கழித்து எடுத்து வந்தபோது அது தேன் நிறத்தில், கண்ணாடிபோல இருந்தது. தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். சொட்டவில்லை. மடக்கினாள், விட்டாள். டப்பென்று விரிந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் அதைத் தொடவே பயந்தேன். "இது உள்ள போயி மேல ஏறிக்கிச்சின்னா? நான் செத்துப்போனா எம் புள்ளைய யாரு பாப்பா?"

"மேல போறதுக்கு வழியே இல்ல அண்ணி. அங்க வாசல் மூடித்தான் கெடக்கும். புள்ள பெறும்போதுதான் தொறக்கும். நான் பாக்காததா?"

நம்பினேன் என்று சொல்லமாட்டேன். வேறு வழி இல்லை. மாதம் வந்த அன்று காலை குளிப்பறைக்குள் போய், அவள் வெளியில் நின்று சொல்லச் சொல்ல, மடக்கி வைத்தேன். முதலில் என்னவோபோல் இருந்தது. பெரட்டுக்கு நடந்து போகிறபோதே மறந்துபோனது. அன்று முழுவதும் மண்வெட்டி பிடித்தேன். சாயந்திரம் வந்து வாலைப் பிடித்து எடுத்துக் கொட்டி, கழுவினேன். சேலையில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு அரிசியும் கையில் இருந்தது. அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் இல்லாததால், இருந்த ஒரே கருவாட்டுத் துண்டை அவள் தட்டில் வைத்தேன்.

கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது, இளகிவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு அலச வேண்டும் என்று சட்டம் போட்டாள். போர்டிக்சன் கரையில் கடல்நீரைக் காய்ச்சி எடுத்து வருகிறவர்களிடம் மரவள்ளி கொடுத்து உப்பு வாங்கினோம். சில மாதத்தில் கிண்ணம் தளர்ந்துவிடும். அதற்குள் அடுத்ததைப் புகையில் போட்டிருப்பாள். அவளுக்கு மட்டும் அவள் செய்துகொள்ளவில்லை. கிழிந்த கொசுவலையை மடித்து வைத்துக்கொண்டு அவதிப்பட்டாள். கேட்டால், "எனக்குக் கல்யாணம் ஆவட்டும், பாப்போம்" என்பாள்.

இரண்டு பேரும் இவ்வளவு யோசித்தோமே, ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணுக்கு எப்போது தூரம் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தூரமானவள் பொதுக் குழாயைத் தொடக் கூடாது. தள்ளி நிற்பாள், இன்னொருத்தி அவள் குடத்தில் ஊற்றுவாள். துணியைக் கீழ்க் கால்வாயில் போய் அலசுவாள். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். திரி வைத்த காலத்தில்கூட வெளித்துணி இருந்ததால் நானும் தள்ளித்தான் நின்றேன். கிண்ணம் வந்த பிறகு அலச எதுவும் இல்லை. முதல் மாதம் ஏதோ ஞாபகத்தில் நேராகக் குழாயைத் திறந்துவிட்டேன். அடுத்த மாதம் தெரிந்தேதான் திறந்தேன். தள்ளி நின்று அடுத்தவள் கைக்காகக் காத்திருந்தால் பெரட்டுக்கு நேரமாகிவிடும். மாரியம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. லயத்துப் பெண்கள்தான் கணக்குப் பார்த்துவிட்டார்கள்.

போதாததற்கு அந்த நேரம் பார்த்து என் கால் வீங்கியது, வயிறு ஊதியது. அரிசி காணாத உடம்புக்கு வருகிற நீர் வீக்கம் அது. லயத்தில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆனால் புருஷன் சயாமில் இருக்கும்போது மாதம் காணாமல் வயிறு ஊதிய பெண் நான் ஒருத்திதான்.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி வீட்டு அம்மாதான் முதலில் கேட்டார். "என்னா, ஒனக்கு இப்பல்லாம் தூரமே காணோம்?"

"எனக்கு வர்றதும் போறதும் ஒங்களுக்கு என்னாத்துக்கு?" என்றேன். என் வாய் அப்படி. அதற்குமேல் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசினார்கள். ஆள் யார் என்பதில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி என்றார்கள் சிலர், சிப்பாய் என்றார்கள் சிலர். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயிலில் கூடிப் பேசுவது என்று கங்காணி ஆள் அனுப்பினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. அவளை உட்காரவைத்துச் சொன்னேன். "நான் சூடம் அணைச்சி சத்தியம் பண்றேன். நம்புனா நம்பட்டும், இல்லாட்டிப் போவட்டும். நீ கிண்ணத்தப் பத்தி வாயத் தொறக்காத. ராசாவுக்குப் போச்சின்னா ஒன் கல்யாணம் அவ்வளவுதான்."

"அப்ப ஒங்க பேரு?"

"எம் பேரு கெடக்குது. ஒங்கண்ணன் வந்தா நான் பேசிக்கிறேன்."

"அண்ணன் வந்தா மொதல்ல என்னத்தான் கேக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். வேறு பொழுதுபோக்கு ஏது? நான் சூடத்தைக் கையில் எடுத்ததும் கங்காணி தடுத்தார். புருஷன் வீட்டு ஆள் இருக்கும்போது அவர்கள் வாயால் வர வேண்டும் என்றார். "ஒன் அண்ணன் இல்ல. நீதான் சொல்லணும். ஒன் அண்ணி சுத்தமா?"

அவள் அவரைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள். "மாமா, ஆம்பளைங்க எல்லாம் கொஞ்சம் கோயிலுக்குப் பின்னால போயி இருங்க. இது பொம்பளைங்க சங்கதி."

கங்காணி திகைத்துப்போனார். ஆனால் அவர் வீட்டுப் பிரசவத்தின்போது இதே குரலில் இவள் அவரை வாசலில் நிற்க வைத்திருக்கிறாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்ற ஆண்களும் பின்னால் போனார்கள்.

அவள் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு புதுக் கிண்ணத்தை எடுத்துப் பெண்கள் நடுவில் வைத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். அது என்ன, எங்கே வைப்பது, எப்படி எடுப்பது, ஏன் என் துணி கால்வாய்க்குப் போகவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. மருந்து எப்படிக் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு கங்காணி வீட்டு அம்மா கேட்டார், நான் பயந்த அதே கேள்வியை. "கல்யாணம் ஆவாத புள்ளைக்கு இதெல்லாம் எப்புடித் தெரியும்?"

"தெரியும் அத்தை. ஒங்க ரெண்டாவது புள்ளைக்கு ரத்தம் நிக்காம கெடந்தீங்களே, அப்ப திரி வச்ச கை இதான். அன்னைக்கு யாரும் எனக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேக்கல."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இவள் அதோடு நிறுத்தவில்லை. "அண்ணிக்கு இன்னும் ரெண்டு மூணு நாள்ல வந்துரும். நம்பிக்கை இல்லன்னா வீட்டுல வந்து ஒக்காந்து பாத்துக்குங்க."

வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கங்காணி வீட்டு அம்மாவே வந்தார். கூச்சத்தில் எனக்கு உயிர் போய்விட்டது. அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தே இருந்தார். "ஒரு சொட்டுக்கூட வெளிய வரலியே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் பேர் அன்றைக்கே சுத்தமாகிவிட்டது. நாலைந்து நாள் கழித்து, தன் வீட்டு மரத்துப் பிஞ்சுப் பாக்கை ஒரு கை நிறையக் கொண்டுவந்து இவள் முன்னால் வைத்தார். "இதுல எது தோதா இருக்கும்னு பாரு," என்றார்.

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பெரிய பாக்கு, பெறாதவளுக்குச் சின்னப் பாக்கு. புகைவீட்டுக் கடைசிக் கம்பு நிறையக் கிண்ணங்கள் தொங்கின. சேலையைக் கிழிக்காமல் எத்தனை பெண்கள் பெரட்டுக்கு வந்து நின்றார்கள் என்று பார்க்கும்போது எனக்குக் கர்வமாக இருந்தது. நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை, ஆனாலும் கர்வம் எனக்குத்தான்.

ராசாவிலிருந்து ஆள் வந்தது அப்போதுதான். வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: பெண் வேண்டாமாம், எல்லாம் தெரிந்த பெண்ணாமே, அப்படிப்பட்டவள் குடும்பத்துக்கு ஆகாதாம். கோயிலில் இருந்த இத்தனை வாயில் ஏதோ ஒரு வாய். நான் அந்த வண்டி கண்ணுக்கு மறையும்வரை சாபம் விட்டேன். அவள் ஒரு கிண்ணத்தை உரித்துக்கொண்டிருந்தாள். "போனாப் போவுது அண்ணி," என்றாள். உரித்து முடித்தாள், அலசினாள், கட்டித் தொங்கவிட்டாள். அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. அவள் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்து நினைத்து நான்தான் புலம்பினேன்.

நல்ல மழைக்காலம் ஒன்று போனபின், ஒருநாள் நான் குழாயடியில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார். போர்டிக்சன் பக்கத்துத் தோட்டம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றார். தண்ணீர் குடிக்க யாரும் அவ்வளவு தூரம் சாலையைவிட்டு உள்ளே வரமாட்டார்கள். பெண்ணின் வீட்டுக்குப் போகுமுன் அந்த லயத்துக் குழாயடியில் விசாரிப்பது மாப்பிள்ளை வீட்டார் வழக்கம். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். நான் யார் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

தண்ணீரைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இந்த லயத்துல ஆஸ்பத்திரியில வேல செஞ்ச ஒரு பொண்ணு இருக்காமே. எப்புடி? ராசாவுல ஏதோ ஒரு மாதிரியாப் பேசிக்கிட்டாங்க."

குழாயடியில் இருந்த அத்தனை பேரிடமும் அவள் செய்த கிண்ணம் இருந்தது. அந்த நிமிஷமே வைத்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு. ஆனால் இவர்கள் என் வயிற்றைக் கணக்குப் பார்த்த அதே பெண்கள். ஒருத்தி ரகசியத்தை இன்னொருத்தி சாயந்திரம்வரை வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

கங்காணி வீட்டு அம்மா குடத்தைக் கீழே வைத்தார். "யாரு, அந்தப் புள்ளையா? அதுக்கு என்னாங்க தெரியும். பாவம், பச்சப் புள்ள."

"ஆஸ்பத்திரியில தரை கூட்டிக்கிட்டு இருந்திச்சி," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "பிரசவ ரூம்பு பக்கமே விடமாட்டாங்க."

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் போட்டுரும்," என்றாள் இன்னொருத்தி. "குனிஞ்ச தல நிமிராது. இந்தக் காலத்துல இப்புடி ஒரு புள்ளையான்னு நாங்களே பேசிக்குவோம்லா."

"ராசாவுல யாரோ பொறாமையில சொல்லியிருப்பாங்க," என்று கங்காணி வீட்டு அம்மா முடித்துவைத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, பெண்ணின் வீடு எது என்று கேட்டார். நான் குறுக்கு வழியாக ஓடினேன். அவள் வாசலில் பாக்கை முக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் வெள்ளைப் பால். நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். தன்னை ஒன்றும் தெரியாதவள் என்று சொன்னதற்கு அவளுக்குக் கோபம்தான் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"எல்லாருமா அண்ணி அப்புடிச் சொன்னாங்க?"

"எல்லாரும்தான்."

"அத்தையுமா?"

"அவங்கதான் மொதல்ல."

அவள் அழுதாள். கோயிலில் அழாதவள், ராசாக்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன அன்று அழாதவள், பால் பட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் நின்று அழுதாள். என் முந்தானையால் நான் துடைத்துவிட்டேன். பிறகு பால் மங்குகளையும் பாக்குகளையும் அவசர அவசரமாக வீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம்.

வந்த அம்மா உள்ளே பாய்மேல் உட்கார்ந்தார். லயத்துப் பெண்கள் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் என்னுடைய ஒரே முழுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையைக் குனிந்து, ஒன்றும் தெரியாத பெண்ணாக நின்றாள். வாசலில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.